தேவை கேட்க வந்தவர்

கண்டியில் நான் பில் போடும் புடவைக் கடைக்குப் புதிய கம்ப்யூட்டர் முறை வரவிருந்தது. அதற்கு முன் யாருக்கு என்ன தேவை என்று கேட்டறியக் கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். ஒல்லியான மனிதர். யாழ்ப்பாணத்துப் பேச்சு. யார் எதைச் சொன்னாலும் அதைத் திருப்பிச் சொல்லி, "சரிதானே?" என்று கேட்பார். திரையில் லட்சுமி படம் வேண்டும் என்றார் முதலாளி. அதையும் முகம் மாறாமல் திருப்பிச் சொன்னார்.

பிறகு என்னிடம் வந்தார். "உங்களுக்கு என்ன தேவை, அக்கா?"

முதலாளி முந்திக்கொண்டார். "அதுக்கு என்னங்க தேவை? சொல்லிக் குடுத்தா செஞ்சிடும்."

"அவவே சொல்லட்டும், ஐயா."

முதலாளி போன் பேச வெளியே போனதும், "ஒரு கதிரை" என்றேன். வாடிக்கையாளர் முன்னால் வேலையாட்கள் உட்காருவது எங்கள் கடையில் மரியாதைக் குறைவு. முழங்கால் வலியில் வேலையை விட்டுவிடலாமா என்றிருந்தேன்.

"உங்களுக்குத் தேவை ஒரு கதிரை. சரிதானே?" அவர் சிரிக்கவில்லை.

மாலையில் முதலாளிக்கு எல்லாவற்றையும் விளக்கிவிட்டுக் கடைசியாகச் சொன்னார்: "மெஷினைப் பாவிக்கிற ஆள் கதிரையில இருந்துதான் வேலை செய்யவேணும்."

"ஏன், நின்னா மெஷின் கோவிச்சுக்குமா?"

"நிண்டு அடிச்சா பில்லில பிழை வரும், ஐயா."

"அப்ப போட்டுருவோம். மெஷினுக்குன்னா வேற விஷயம்."

சுழல் கதிரையே வந்தது. "கம்ப்யூட்டர் கதிரை" என்று வருகிறவர்களிடம் முதலாளி பெருமையாகக் காட்டுகிறார். நான் அதில் உட்கார்ந்துகொண்டும் பிழை விடுகிறேன். அந்த மனிதர் எனக்காகப் பொய் சொன்னாரா, கேட்பவருக்கு ஏற்றபடி தேவையைத் திருப்பிச் சொல்வதுதான் அவருடைய தொழிலா என்று இன்றுவரை தெரியவில்லை.