அம்மா தின்ற மாதுளம்பழம்

அந்தப் புத்தகத்தைத் திறந்தால் கராம்பு வாசம் வரும். அக்குறணையில் ரிஹானாவின் வாப்பா நடத்திய பலசரக்குக் கடைக்கு, சாமான் சுற்றிக் கொடுப்பதற்காக வாங்கிய பழைய பேப்பர்க் கட்டோடு வந்து, கராம்புச் சாக்கின் மேல் பல மாதம் கிடந்த ஆங்கிலக் கதைப் புத்தகம் அது. அட்டை கிழிந்து போயிருந்ததால் அதன் பெயரும் தெரியாது, எழுதியவர் யாரென்றும் தெரியாது. கண்டியில் ஏழாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரிஹானா, "நீ இங்கிலீஷ்ல கெட்டிக்காரிதானே, வாசிச்சிட்டு எனக்குக் கதைய சொல்லு" என்று அதை என் பையில் திணித்தாள். நான் கெட்டிக்காரியெல்லாம் இல்லை; வகுப்பில் மற்றவர்கள் என்னைவிட மோசம், அவ்வளவுதான்.

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில், மடியில் அகராதியை வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு மூன்று பக்கம் என்று வாசித்தேன். பழைய கிரேக்கக் கடவுள்கள் எல்லோரும் இந்தக் காலத்து நகரம் ஒன்றில் வந்து குடியிருக்கிறார்கள். கொல்லன் கடவுள் மோட்டார் கராஜ் வைத்திருக்கிறார். பயிர்களைக் காக்கும் தேவி சந்தையில் மரக்கறி விற்கிறாள். அவளுடைய மகள் ஒருநாள் பெரிய ஹோட்டலின் லிஃப்டில் ஏற, அது இறங்கி இறங்கிப் பாதாளத்தில் போய் நிற்கிறது. சோறு தண்ணி மறந்து நான் அதிலேயே கிடந்தேன். இடைவேளையில் கதையைச் சொன்னால், "அந்த கராஜ்காரர் எங்கட சாச்சா மாதிரியே இரிக்காரு" என்று ரிஹானா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அப்போது அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள். இரண்டு வருட 'அக்ரிமென்ட்' முடிய இரண்டு மாதமே பாக்கி. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் அவள் பேசுவாள். லயத்துக்குள் சிக்னல் கிடைக்காது என்பதால், அப்பாவும் நானும் கோயிலுக்கு மேலேயுள்ள பாறையில் ஏறி நிற்போம். அந்தப் பாறைக்குத் தோட்டத்தில் 'டவர்' என்றே பெயர்.

கதையில் அந்த மகள் பாதாளத்தில் ஆறு மாதுளை முத்துகளைத் தின்றுவிடுகிறாள். அங்கே சாப்பிட்டவர்கள் அங்கேயே தங்க வேண்டும், ஒரு முத்துக்கு ஒரு மாதம் என்பது பாதாளத்துச் சட்டம். வேறு ஊர்ப் பிள்ளைகளுக்கு இது வெறும் கற்பனையாக இருந்திருக்கும். எங்கள் லயத்திலோ, கொழும்புக்கு வேலைக்குப் போய்த் திரும்பாத ஆளைப் பற்றி, "எவளோ சோத்துல 'மருந்து' வச்சிட்டா, இனி வீட்டு நெனப்பே வராது" என்று பெரியவர்கள் அடித்துச் சொல்வார்கள். ஆகவே கிரேக்கர்கள் சொன்னதில் எனக்குத் துளியும் சந்தேகம் வரவில்லை. பயந்துபோய்ப் புத்தகத்தை அந்தப் பக்கத்தோடு மூடி வைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை பாறைமேல் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்த அப்பாவின் முகம் சுண்டிப்போயிற்று. "மேடம் இன்னும் ரெண்டு வருசம் இருக்கச் சொல்றாங்களாம். அம்மா யோசிக்கிறா" என்றார். நான் போனைப் பிடுங்கினேன்.

"அம்மா, அங்க மாதுளம்பழம் சாப்பிட்டியா?"

"ஆமாடி, நேத்துகூட மேடம் ஒண்ணு குடுத்தாங்க. செவப்புன்னா அப்படி ஒரு செவப்பு."

"எத்தன முத்து சாப்பிட்ட?"

"முத்தா? முழுப் பழத்தையும்தான் சாப்பிட்டேன்."

ஒரு முழுப் பழம்! எத்தனை நூறு மாதம்! அப்படியே பாறையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அப்பா திகைத்துப்போய் நிற்க, விக்கலுக்கிடையே கதை முழுவதையும் அம்மாவுக்குச் சொன்னேன். முதலில் அவள் சிரித்தாள். பிறகு கேட்டாள்:

"அந்தப் புள்ளையோட அம்மா என்ன செஞ்சா?"

"மரக்கறிக் கடைய பூட்டிட்டு, தெருத் தெருவா மகளத் தேடுறா. ஊருல ஒரு கீரைகூட மொளைக்கல."

"மக திரும்பி வந்தாளா?"

"தெரியல. பயமா இருந்துச்சு, அதுக்கு மேல வாசிக்கல."

மறுமுனையில் அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அப்பாகிட்ட குடு" என்றாள்.

இரண்டு மாதத்தில் அம்மா வந்துவிட்டாள். "ஒங் கதைக்காக ஒண்ணும் வரல, எனக்கே அலுத்துப்போச்சு" என்று இன்றுவரை சாதிக்கிறாள். அன்று வேனிலிருந்து இறங்கியவளைப் பெட்டியைக்கூடக் கீழே வைக்க விடாமல் வாசலிலேயே மறித்து, நானே சுட்டு வைத்திருந்த ரொட்டியைச் சம்பலோடு பிய்த்து ஊட்டினேன். இங்கே சாப்பிட்டால் இங்கேயே தங்கிவிடுவாள் என்று நினைத்தேன். அம்மா மென்றபடியே அழுதாள். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. மறுநாளே மிச்சப் பக்கங்களை வாசித்து முடித்தேன். கதையிலும் மகள் வந்து சேர்ந்திருந்தாள்.

அந்தப் புத்தகம் இப்போது இல்லை. கைமாறிக் கைமாறி எங்கேயோ போய்விட்டது. ரிஹானாவின் வாப்பா கடையில் யாரும் பேப்பரில் சாமான் சுற்றுவதில்லை, எல்லாம் பொலித்தீன் பைதான். லயத்துக்குள்ளேயே முகம் பார்த்துப் பேச முடிகிறது என்பதால் 'டவர்' பாறையில் பாசி ஏறிக் கிடக்கிறது. நான் வவுனியாவில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். பள்ளிக்கூட விடுமுறைக்கு மட்டுமே வீட்டுக்கு வருவேன்.

இந்த ஜனவரியில் கண்டி பஸ் ஸ்டாண்டில் அம்மா என் கையில் ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்து, "பசிச்சா தொற" என்றாள். தம்புள்ளை தாண்டித் திறந்து பார்த்தேன். உள்ளே மூன்றே மூன்று மாதுளை முத்துகள். உடனே போன் எடுத்தேன்.

"என்னம்மா, மூணுதான் இருக்கு?"

"ஏப்ரல் லீவுக்கு மூணு மாசந்தானே இருக்கு? கூட வச்சா நீ அங்கயே இருந்துருவ. மிச்சத்த நான் வீட்டுல ஒக்காந்து சாப்பிட்டேன்."