கம்பி முனையில் திருநீறு

மோகனராஜுக்குக் கால் ஓரிடத்தில் தரிக்காது என்று அவன் மனைவி ஜெகதீஸ்வரி கல்யாணமான நாளிலிருந்தே திட்டிக்கொண்டிருப்பாள். கடல் பாலம் தாண்டிப் போய் அக்கரையில் ஜுருவில் கார் பட்டறை வேலை, நாள் முழுக்க நின்றும் நடந்தும். தைப்பூசம் வந்தால் கேட்கவே வேண்டாம். தேருக்கு முன்னால் தேங்காய் உடைக்கிற கூட்டத்தில், வெறுங்காலோடு சில்லுகளின் மேல் ஆடுகிற மனுஷன். அந்தக் காலுக்கு யார் கண் பட்டதோ!

பாலத்தில் ஒரு லோரி அவன் ஓட்டிப்போன மோட்டாரை உரசித் தள்ளியது. காலின் பெரிய எலும்பு கணுக்கால் மூட்டோடு சேரும் இடத்தில் நொறுங்கி, தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டது. எலும்பு டாக்டர் ஹக்கீம் அன்றே புண்ணைக் கழுவி, துண்டுகள் அசையாமலிருக்க எலும்பில் கம்பிகளை இறக்கி, காலுக்கு வெளியே ஒரு சட்டம் பூட்டினார். வீக்கம் வடிந்தபிறகுதான் உள்ளே தகடு வைக்கலாம், அதுவரை கிருமி அண்டாமலிருந்தால் பாதம் பிழைக்கும் என்று மலாய் மொழியில் நிதானமாக விளக்கினார். கம்பி இறங்கிய இடத்தை நர்ஸைத் தவிர யாரும் தொடக்கூடாதாம். ஜெகதீஸ்வரி தலையாட்டினாள்.

தலையாட்டினாளே தவிர மனசு கேட்கவில்லை. தலைவலியோ காய்ச்சலோ, அவள் வீட்டில் முதல் மருந்து திருநீறுதான். மலைக்கோயிலில் வாங்கியதைக் கைப்பையில் மடித்து வந்தாள். நர்ஸ் அந்தப் பக்கம் நகர்ந்ததும் அவன் நெற்றியில் பூசிவிட்டு, முருகா முருகா என்று ஒவ்வொரு கம்பியின் ஓரத்திலும் ஒரு சிட்டிகை வைத்தாள். அவன் தூங்குவதாக நினைத்திருந்தாள்.

பிறகு காய்ச்சல் கண்டது, சீழும் வைத்தது. கட்டைப் பிரித்த டாக்டர் ஓரத்தில் படிந்திருந்த சாம்பலைப் பார்த்துவிட்டு யார் போட்டது என்று கேட்டார். ஜெகதீஸ்வரி கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"நான்தான் டாக்டர்," என்றான் மோகனராஜ்.

வாங்கிக் கட்டிக்கொண்டதும் அவன்தான். திரும்பத் திரும்ப அறுவைக் கூடத்துக்குக் கொண்டுபோய்க் கழுவினார்கள். தகடு வைக்கிற பேச்சே நின்றுபோனது. எலும்பு அழுகிவிட்டது, உயிராவது மிஞ்சட்டும் என்று கடைசியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

அவள் டாக்டரைத் தனியே பிடித்து உண்மையைச் சொல்லி, அந்தத் திருநீறுதான் காரணமா என்று கேட்டாள். எலும்பு வெளியே வந்து ரோட்டில் அழுக்குப்பட்ட கால், எதனால் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஆமாம் என்றிருந்தால்கூட அழுது தீர்த்திருப்பாள், பாவி.

வீட்டுக்கு வந்தபிறகு, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அவனிடம் கேட்டாள்.

"என் காலு லா ஈஸ்வரி. ஏச்சும் எனக்கே இருக்கட்டும்."

அதற்கப்புறம் அவள் திருநீற்றைத் தொடவில்லை. சாமி மாடத்தில் திருநீற்றுக் கிண்ணம் அது பாட்டுக்குக் கிடந்தது.

தைப்பூசத்தன்று அவனை ரோட்டோரம் நாற்காலியில் உட்காரவைத்தாள். கூட்டாளிகள் தேங்காய் உடைத்தார்கள். சில்லு ஒன்று தெறித்து, எடுத்த காலின் பக்கம் மடித்துக் குத்தியிருந்த கைலியருகில் வந்து விழுந்தது. அவன் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். தேர் வந்து நின்றது. ஐயர் அவள் உள்ளங்கையில் திருநீற்றை வைத்துவிட்டுப் போனார்.

மோகனராஜ் வழக்கம்போல நெற்றியை நீட்டினான். அவளுக்குக் கை எழவில்லை. வேர்வையில் திருநீறு குழைந்துகொண்டிருந்தது. தேர் நகர்ந்து, கூட்டமும் அதன் பின்னால் போய்விட்டது. அவன் நீட்டிய நெற்றியை இன்னும் இழுத்துக்கொள்ளவில்லை.