சுடலையின் காமாலை மாலை

சுடலை உட்கார்ந்து பார்த்தவர்கள் தாராவியில் குறைவு. தோல் பட்டறையில் நின்றபடி வேலை, நின்றபடி டீ. சோற்றையும் நடந்துகொண்டே தின்பான் என்று அவன் மனைவி இசக்கியம்மாள் சொல்லிச் சிரிப்பாள்.

1966 மழைக்காலத்தில் அவளுக்குப் பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போனது. குழந்தை பிழைத்தது. தாய்க்கு உடனே ரத்தம் ஏற்ற வேண்டும். அவள் வகை ரத்தம் அன்று ஆஸ்பத்திரியில் இல்லை. சுடலையின் ரத்தம் பொருந்தியது. வார்டு நர்ஸான நான்தான் அவனை ரத்த வங்கிக்கு அழைத்துப் போனேன்.

டாக்டர் சுந்தரராமன் எல்லோரிடமும் கேட்பதைக் கேட்டார்: எப்போதாவது காமாலை வந்ததா? வந்தது, போய்விட்டது என்று சுடலை மடியிலிருந்து காய்ந்த வேர் மாலை ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தான்.

காமாலைக்காரர் கழுத்தில் அதைப் போடுவார்கள். மாலை நீண்டு இறங்க இறங்க நோயும் இறங்குகிறது என்று நம்பிக்கை. வேர் காய்ந்து சுருங்கினால் முடிச்சு தளரும். யார் கழுத்திலும் நீளும். குணமானதும் மரத்தில் மாட்டிவிடுவார்கள். இவன் அத்தாட்சியாக வைத்துக்கொண்டான்.

"தொப்புள் வரைக்கும் இறங்கிட்டு சார்."

டாக்டர் ரத்தம் எடுக்க மறுத்தார். சோதித்துப் பாருங்கள் என்று சுடலை மன்றாடினான். சோதித்தால் மஞ்சள் இல்லை என்றுதான் வரும், அதைக் கொண்டுவந்த கிருமி ரத்தத்தில் ஒளிந்திருந்தால் காட்டிக்கொடுக்கும் சோதனை எங்களிடம் இல்லை என்றார் டாக்டர்.

"அப்போ எதை வச்சு வேண்டாங்கிய?"

"நீர் சொன்ன பதிலை வச்சு."

"பொய் சொல்லியிருந்தா?"

"எடுத்திருப்பேன். உம்ம பெண்டாட்டிக்குத்தான் ஏத்தியிருப்பேன்."

சுடலை மழையில் பட்டறைக்கு ஓடினான். இசக்கியின் நாடி மெலிந்துகொண்டே வந்தது. கட்டிலின் கால்மாட்டை உயர்த்தி, சலைன் ஏற்றிவிட்டு, வாசலைப் பார்த்தபடி இருந்தேன்.

பட்டறை முதலாளி கரீம் பாட்சாவும் இரண்டு வேலையாட்களும் நனைந்து வந்தார்கள். சுடலை அவர்களை உள்ளே விடாமல் வாசலை மறித்தான்.

"பாய், பிள்ளைய மேல சத்தியமா சொல்லுங்க. காமாலை வந்திருக்கா?"

"இல்லடே. நீ விரட்டின விரட்டுல இனிமே வந்தாத்தான் உண்டு."

அந்தக் கேள்வியைக் கேட்டதும் வேலையாட்களில் ஒருவன் திரும்பிப் போனான். சுடலை தடுக்கவில்லை.

பாட்சாவின் ரத்தம் பொருந்தியது. அது சொட்டி முடியும்வரை சுடலை வராந்தாவில் அலைந்தான். மேசைமேல் கிடந்த மாலையை அவன் தேடவில்லை. நான் குப்பையில் போட்டேன்.

சாயங்காலம் இசக்கி கண் திறந்தாள். ஜன்னல் வழியாக அவன் போவதையும் வருவதையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அவுகள உக்காரச் சொல்லுங்க சிஸ்டர். எனக்குத் தலை சுத்துது."

சொன்னேன். உட்காரவில்லை.