சவரிமுத்து வெட்டிய வயர்

சவரிமுத்து இறந்துபோன செய்தி வந்தபோது என் வலது கை முழங்கை வரை ஒரு பஸ்ஸின் என்ஜினுக்குள் இருந்தது. பக்கத்து டயர்க் கடைக்காரர்தான் போனை என் காதில் வைத்துப் பிடித்தார். "அண்ணே, சவரியண்ணே போயிட்டாருண்ணே" என்றான் கனகராஜ். அவன் சவரி குடியிருந்த தேயிலைத் தோட்டத்தின் ஆம்புலன்ஸ் டிரைவர். நான் வாய் திறப்பதற்குள் அடுத்ததையும் சொல்லிவிட்டான்: "நெஞ்சு வலின்னாருண்ணே. வண்டி ஸ்டார்ட் ஆகல. கொழுந்து லொறியிலதான் ஏத்திக்கிட்டுப் போனோம்." முதல் செய்திக்கு அழுகை வந்தது. இரண்டாவது செய்தி அந்த அழுகையை நிறுத்திவிட்டது. அன்று ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. இந்த அஞ்சலியை அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன், அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

ஹட்டனில் எங்கள் கராஜை அறிந்தவர்களுக்குச் சவரியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரே கொட்டகை. என்ஜின் வேலை எனக்கு, வயரிங் வேலை அவருக்கு. அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தொழிலாளர் லயத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். அவர் மனைவி மரியபுஷ்பம் அதே தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். ஊரெல்லாம் சவரியை வயரிங் பாஸ் என்றுதான் கூப்பிடும்; கைத்தொழில்காரர் எவரும் எங்கள் பக்கத்தில் பாஸ்தான். சவரி அமைதியானவர், யாரையும் கடிந்து பேசாதவர் என்று அடக்கத்தன்று இரண்டு பேர் பேசினார்கள். யாரைச் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. வண்டிக்காரர்களோடு சண்டை, என்னோடு சண்டை, பிளேன்டீயில் சீனி குறைந்தால் கடைக்காரரோடு சண்டை. வயரைக் கையில் எடுத்தால் மட்டும் பேச்சு நிற்கும். கோளாறு பிடிபட்டதும் விட்ட இடத்திலிருந்து திட்டத் தொடங்குவார்.

அந்த ஆம்புலன்ஸின் கதை எலுமிச்சம்பழத்தில் தொடங்குகிறது. கொம்பனி அனுப்பிய பழைய ஜப்பான் வண்டி அது. பொனட் சரியாக மூடாவிட்டால் டிரைவர் முன்னால் சிவப்பு விளக்கு எரியும், கூடவே கீச்கீச்சென்று கத்தும். பொனட் பூட்டுக்குள் இருக்கிற ஒரு சின்ன ஸ்விட்ச் செய்கிற வேலை. பூட்டு விழுந்தால் இரண்டு வயர்கள் சேரும், திறந்தால் பிரியும். வண்டி வந்த சில மாதங்களிலேயே, நன்றாக மூடிய பொனட்டைத் திறந்திருப்பதாகச் சொல்லி விளக்கு எரியத் தொடங்கியது. சவரி பூட்டை அமுக்கிப் பார்த்தார். டெஸ்டரை வைத்து வயரை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பார்த்தார். வயரில் குற்றமில்லை. ஸ்விட்சைத் துடைத்ததும் விளக்கு அணைந்தது, அடுத்த வாரம் மறுபடியும் எரிந்தது. மூன்றாம் தடவை வண்டி வந்தபோது ஒன்றையும் கழற்றாமல் அதன் முன்னால் குந்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"கனகராஜூ, வெள்ளிக்கிழமையில என்னடா செய்வ?" என்று கேட்டார்.

கனகராஜ் வெள்ளிக்கிழமைதோறும் எலுமிச்சம்பழத்தில் ஊசி ஏற்றி, மிளகாயோடு நூலில் கோத்து, சந்தனமும் குங்குமமும் அப்பி, அந்த நூலைப் பொனட் பூட்டிலேயே கட்டித் தொங்கவிடுவான். சாறும் சந்தனமும் நேராக ஸ்விட்சுக்குள் இறங்கி, உள்ளே செம்பெல்லாம் பச்சை பூத்திருந்தது. "நீங்க மாதா கோயிலுக்குப் போற வேதக்காரங்க பாஸ், ஒங்களுக்கு இதெல்லாம் வெளங்காது" என்று அவன் முறைத்துக்கொண்டான். "சாமிக்குக் கட்டுறத யாருடா வேணாம்னா? சாமி என்ன, பொனட் பூட்டுக்குள்ளயா குடியிருக்கு?" என்று கத்திவிட்டு, பம்பரின் ஓரத்தில் ஒரு கொக்கி வைத்துக் கொடுத்தார் சவரி. அடுத்த வெள்ளிக்கிழமை அந்தக் கொக்கியில் பழத்தைக் கட்டியதும் அவர்தான்.

ஆனால் ஸ்விட்ச் அதற்குள் அரித்துப்போயிருந்தது. புதிது போட வேண்டும் என்று தோட்டத்து ஆபீசில் போய்ச் சொன்னார். எந்தச் சாமானும் கொம்பனி ஸ்டோர் மூலம்தான் வர வேண்டும், வெளியில் வாங்கிப் பூட்டக் கூடாது என்றார் பெரிய கிளாக்கர். வரும் என்றார். வரவில்லை. கேட்கும்போதெல்லாம் வரும் என்றார். ஒருநாள் சவரி போய்ப் பார்த்தால் விளக்கு எரியவில்லை. பொனட்டைத் திறந்தார், அப்போதும் எரியவில்லை. விளக்கின் தொல்லை தாங்காமல் யாரோ இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கிவிட்டிருந்தார்கள்.

அதைக் கண்டால் அவருக்கு ஏன் ரத்தம் கொதிக்கும் என்று எனக்குத் தெரியும். முன்பொரு முறை, இறம்பொடை இறக்கத்தில் பொனட் எழும்பிக் கண்ணாடியை மூடியதால் மண்மேட்டில் மோதிய ஒரு வேனை எங்களிடம் இழுத்து வந்தார்கள். நெற்றியில் தையலோடு வந்த டிரைவர், "லைட்டே எரியலயே பாஸ், மூடியிருக்குன்னுல்ல நெனச்சேன்" என்றார். சவரி உள்ளே கைவிட்டு, முறுக்கிய வயரை இழுத்துக் காட்டினார். எங்களைப் போன்ற ஒரு கராஜ்காரன் செய்த வேலைதான். அன்றிலிருந்து எங்கள் கொட்டகையில் அந்த வேலைக்குத் தடை. "எரியிற லைட்டுக்குப் பயப்படாதீங்க, அது பேசுது. வாயக் கட்டிப்போட்ட லைட்டுக்குப் பயப்படுங்க" என்று சொல்லி எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பினார். அவர்களில் பலர் பக்கத்துக் கராஜுக்குப் போய் முறுக்கிக்கொண்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

ஆம்புலன்ஸில் இருந்த முறுக்கை அவர் பெரிய கிளாக்கரின் கண் முன்னாலேயே வெட்டினார். "சுவிட்சு வர்ற வரைக்கும் லைட்டு எரியட்டுங்க. வண்டி எடுக்கும்போதெல்லாம் பொனட்ட ரெண்டு கையாலயும் அமுக்கிப் பாத்துட்டு எடுக்கச் சொல்லுங்க. வண்டி ஓடும்" என்றார். ஓடியது. கனகராஜ் அப்படியே செய்தான். சிவப்பு விளக்கோடு, கத்திக்கொண்டே போய், பிரசவ வலியில் துடித்த ஒரு பெண்ணை நேரத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தது அந்த வண்டி.

அடக்கத்தன்று பெரிய கிளாக்கர் வந்து மாலை போட்டார். பிறகு லயத்து வாசலில் நின்றுகொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "அருமையான மனுஷன். என்ன செய்ய, அவரு வெட்டிவிட்ட வயரு வண்டியோட பாடியில பட்டுத்தான் வண்டி செத்துப்போச்சு. அவரு கையே அவருக்கு எமனாயிருச்சு." சாவு வீட்டில் சொல்லக்கூடிய வார்த்தையா இது? அவரை விடுங்கள். கேட்டுக்கொண்டு தலையாட்டினார்களே, அவர்களை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்த மனிதரைக் கொழுந்துச் சாக்குகளுக்கு நடுவில் கிடத்தி, குண்டும் குழியுமான அந்த ரோட்டில் கொண்டுபோனோம் என்று அழுதவர்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே உயிர் போய்விட்டது என்று நெஞ்சில் அடித்துக்கொண்டவர்கள். சாயங்காலத்துக்குள் "ஆமா, வெட்டாம விட்டிருக்கலாம்" என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். டோர்ச் லைட்டிலிருந்து டிவி வரை அவரிடம் சும்மா ரிப்பேர் பார்த்துக்கொண்டவர்கள்தான் எல்லோரும். ஆமாம், உங்களைத்தான் சொல்கிறேன்.

ஆட்கள் கலைந்த பிறகு மரியபுஷ்பம் என்னிடம் வந்தார். "அண்ணே, நெசமாவே அவரு வெட்டினதாலதானா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாய் துடித்தது. ஆனால் நான் இன்னும் வண்டியைப் பார்க்கவில்லை. திறந்து பார்க்காமல் குற்றம் இங்கேதான் என்று சொல்கிறவர்களைச் சவரி ஒருநாளும் பொறுத்ததில்லை. "பாத்துட்டு வந்து சொல்றேன் தங்கச்சி" என்றேன். அதைக் கேட்டு அவர் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது.

மறுநாள் காலை தோட்டத்து வண்டிக் கொட்டகைக்குப் போனேன். ஆபீசில் கேட்டுவிட்டு வரும்படி காவலாளி சொன்னார். நான் கேட்கவில்லை. கனகராஜ் தலையைத் தொங்கப்போட்டபடி சாவியை நீட்டினான். பொனட்டைத் திறந்தேன். சவரி வயரை வெட்டினால் முனைகளை அப்படியே விடமாட்டார். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சின்ன ரப்பர் குழாய் மாட்டி, ஒன்றையொன்று தொடாதபடி தள்ளிக் கட்டிவிடுவார். ஒரு முனை அவர் கட்டியபடியே இருந்தது. மற்ற முனையின் குழாயை உருவி எறிந்துவிட்டு, பக்கத்தில் போகிற வேறொரு வயரைச் சுரண்டி அதோடு முறுக்கியிருந்தார்கள். முறுக்கின் மேல் வெள்ளை பிளாஸ்டர் சுற்றியிருந்தது, காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டர். ஆம்புலன்ஸின் மருந்துப் பெட்டியிலிருந்தே எடுத்திருக்கிறார்கள்.

அந்த வேறொரு வயர் சைரனுக்குப் போவது. வண்டியை ஆம்புலன்ஸாக மாற்றியவர்கள், சாவியிலிருந்து வருகிற லைனிலேயே அதற்குக் கரண்ட் எடுத்திருந்தார்கள். அதைக் கொண்டுபோய், வண்டியின் இரும்புப் பாடியோடு சேர்கிற இந்த முனையில் முறுக்கினால் பியூஸ் எரியும். எரிந்திருந்தது. சாவியைத் திருப்பினேன். டாஷ்போர்டில் ஒரு விளக்குகூட வரவில்லை, வண்டியும் ஸ்டார்ட் ஆகவில்லை.

"யாருடா செஞ்சது?" என்றேன்.

"நாந்தாண்ணே" என்று கனகராஜ் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். கொம்பனி ஆட்கள் தோட்டத்தைப் பார்க்க வருவதாக இருந்ததாம். சிவப்பு விளக்கு எரிந்தால் கேள்வி வரும், முறுக்கி அணைத்து வை என்றாராம் பெரிய கிளாக்கர். "இன்னொரு முனை எதுன்னு தெரியாம பக்கத்து வயரோட முறுக்கிட்டேண்ணே. அவரும் பக்கத்துலயே நின்னாருண்ணே. சாவி போட்டுத்தான் வச்சிருந்தோம். முறுக்கினதும் லைட்டு டக்குன்னு போயிருச்சு. பாத்தியா, இவ்வளவுதான் வேல, இதுக்கா அந்தாளு அம்புட்டு சத்தம் போட்டாருன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு." ஸ்டார்ட் செய்து பார்க்க இருவருக்குமே தோன்றவில்லை. அணைய வேண்டிய விளக்கு அணைந்துவிட்டது, அவர்களுக்கு அது போதும். மற்ற விளக்குகளும் சேர்ந்து அணைந்ததை யாரும் கவனிக்கவில்லை. அடுத்த நாள் காலையில் சவரிக்கு நெஞ்சு வலித்தது.

கனகராஜை அடிக்கக் கை ஓங்கினேன். அடிக்கவில்லை. லொறியில் சவரியின் தலையை மடியில் தாங்கிக்கொண்டு போனவன் அவன். பெரிய கிளாக்கர் விஷயத்தில் எனக்கு அந்தத் தயக்கம் இல்லை. ஆபீஸ் ஆட்கள் எல்லோரும் இருக்கும்போது உள்ளே போய், வெட்டியெடுத்த முறுக்கை பிளாஸ்டரோடு அவர் மேசையில் வைத்து, கனகராஜ் சொன்னதையெல்லாம் உரக்கச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. "முடிஞ்சது முடிஞ்சிருச்சு பாஸ். பெரிசுபடுத்தாதீங்க. எங்கயும் எழுதிக்கிழுதி வச்சிராதீங்க" என்றார். எழுதிவிட்டேன்.

சவரி நடையாக நடந்து கேட்டும் வராத ஸ்விட்ச், அவரைப் புதைத்த வாரமே வந்து சேர்ந்தது. யாரையும் கேட்காமல் நானே பூட்டினேன். நான் என்ஜின்காரன், வயர் வேலை எனக்குப் பழக்கமில்லை. அவர் செய்வதைப் போலவே ஒவ்வொரு முனையையும் ஈயம் வைத்துப் பற்றவைத்தேன், குழாய் மாட்டினேன், சைரன் வயரைப் பிரித்துத் தனி பியூஸில் கொடுத்தேன். பிறகு மரியபுஷ்பத்தை அழைத்தேன். காலைப் பெரட்டில் பேர் பதிந்துவிட்டுக் கொழுந்தெடுக்க மலைக்குப் போகவிருந்த பெண்களும் கூடவே வந்து நின்றார்கள். அவர்கள் எல்லோர் முன்னிலையிலும் யார் எதை வெட்டினார், யார் எதை முறுக்கினார், யார் முறுக்கச் சொன்னார் என்று சொன்னேன்.

"நீங்களே தொறந்து பாருங்க தங்கச்சி."

அவர் பொனட்டைத் தூக்கினார். விளக்கு எரிந்தது, வண்டி கத்தியது. இறக்கி அமுக்கினார், அணைந்தது. மறுபடியும் தூக்கினார், மறுபடியும் அமுக்கினார். பிறகு கனகராஜைப் பார்த்து, "அன்னைக்குக் காலையில சாவி போட்டப்ப லைட்டு எரிஞ்சிச்சா?" என்று கேட்டார்.

"இல்லக்கா."

"அவரு விட்ட மாதிரி விட்டிருந்தீங்கன்னா எரிஞ்சிருக்கும்" என்றார் மரியபுஷ்பம். "கத்திக்கிட்டே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கும்."

சவரியின் டெஸ்டரை எனக்குத் தருவதாக அவர் சொன்னார். வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். நான் எடுத்துக்கொண்டது அந்த முறுக்கைத்தான். எங்கள் கொட்டகையில், சவரி உட்கார்ந்து வேலை செய்த பலகைக்கு மேலே, பிளாஸ்டரோடு ஆணியில் தொங்குகிறது. லைட்டு மட்டும் எரியாமல் செய்துவிடுங்கள் பாஸ் என்று இப்போதும் யாராவது வருகிறார்கள். முன்பெல்லாம் சவரி கத்துவார், நான் சமாதானம் பேசுவேன். இப்போது நான் கத்துகிறேன்.