ஒரு வாரத்துக்கு மட்டும் எழுதிய கடிதம்

என் அக்காவைப் பற்றி எங்கள் பங்குக் கோயிலில் யாரைக் கேட்டாலும் ஒன்றைத்தான் சொல்வார்கள்: "மடத்துக்குப் போயிட்டுத் திரும்பி வந்தவங்கதானே?" வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் துணி மடிக்கச் சேர்ந்தவள், இன்று அதன் மேற்பார்வையாளர். தினமும் ஆயிரத்துச் சொச்சம் படுக்கை விரிப்புகளை வெளுத்து, உலர்த்தி, மடித்து, வார்டு வாரியாக அனுப்புகிறாள். ரத்தக்கறை ஒன்று மிச்சமிருந்தாலும் திரும்பவும் இயந்திரத்துக்குள் போட வைப்பாள். அதெல்லாம் யார் கண்ணிலும் படாது. கன்னியர் மடத்தில் மூன்று வருஷம் இருந்துவிட்டு வந்ததுதான் இவர்களுக்கு அவளுடைய மொத்த வாழ்க்கை. கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சனிக்கிழமை மதியம் ஷிஃப்ட் முடிந்ததும், சலவைச் சோடா வாசம் போகாத கையோடு, கோயிலுக்குப் பின்னாலுள்ள மறைக்கல்வி அறைக்கு வருவாள். எட்டு, பத்து இளைஞர்கள் காத்திருப்பார்கள். ஒருவனுக்குக் குருவாக ஆசை. ஒருத்திக்கு மடத்துக்குப் போவதா, கல்யாணம் செய்துகொள்வதா என்று குழப்பம். இன்னொருத்திக்கு வேலையை விட்டுவிட்டு நோயாளிகளோடு இருக்க வேண்டும் என்று எண்ணம். கடவுள் தங்களை எதற்குக் கூப்பிடுகிறார் என்பதுதான் எல்லோருக்கும் கேள்வி. 'லாண்டரி அக்கா' என்று கூப்பிடுவார்கள். அவள் பிரசங்கம் எதுவும் செய்வதில்லை. கேள்வி மட்டும் கேட்பாள்.

"சாமியாராகணும்னு முதல்ல சொன்னது யாரு? நீயா, உங்க அம்மாவா?"

"எங்க கணக்கு டீச்சர்" என்றான் அந்தப் பையன். அறையே சிரித்தது.

"நீங்க என்ன நினைக்கிறீங்க, அதைச் சொல்லுங்க" என்று யாராவது பிடிவாதம் பிடித்தால், "நான் நினைக்கிறதை வச்சுக்கிட்டு நீ அம்பது வருஷம் ஓட்ட முடியுமா?" என்பாள்.

பல மாதம் பேசி, செபித்து, ஒரு கட்டத்துக்கு வந்தவர்களிடம் இரண்டு தாள் கொடுப்பாள். ஒன்றில் 'போகிறேன்' என்று கடவுளுக்குக் கடிதம் எழுத வேண்டும். மற்றதில் 'போகவில்லை' என்று. முதல் வாரம் முதல் கடிதத்தைக் கூடவே வைத்துக்கொண்டு, முடிவெடுத்துவிட்டவர்களைப் போல வாழ வேண்டும். வேலைக்குப் போக வேண்டும், வீட்டில் சண்டை போட வேண்டும், தூங்க வேண்டும். மனசு நிம்மதியாக இருக்கிறதா, நெருடுகிறதா என்று தினமும் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த வாரம் மற்றக் கடிதம். இரண்டு வாரமும் யாரிடமும் மூச்சு விடக் கூடாது. இரண்டும் முடிவல்ல, முடிவைப் போட்டுப் பார்ப்பது.

இது எனக்கு நன்றாகத் தெரியும். சாப்பிடும்போது நூறு தடவை சொல்லியிருக்கிறாள். தெரிந்தும் நான் செய்த காரியத்தை நினைத்தால் என்னையே நான் அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, இருபத்து நான்கு வயது, அந்த முதல் வாரத்தில் இருந்தாள். மூன்றாம் நாள் அவள் அம்மா கைப்பையைத் துவைக்க எடுத்துக் கவிழ்த்தார். கடிதம் விழுந்தது. 'ஆண்டவரே, நான் துறவற வாழ்வுக்குப் போகிறேன்' என்று மகளின் கையெழுத்து. அந்த அம்மா தையல்காரர். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்றக்கூட மறந்து பங்கு அலுவலகத்துக்கு ஓடி வந்தார். அங்கே தட்டச்சு செய்பவன் நான்.

"தம்பி, என் பொண்ணு சிஸ்டராகப் போறா!" என்று அழுதார். எங்கள் பங்கிலிருந்து யாரும் துறவறத்துக்குப் போய்ப் பதினொரு வருஷம். எனக்கும் தலைகால் புரியவில்லை. அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அக்காவுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். செய்யவில்லை. அறிவிப்பைத் தட்டச்சு செய்து பங்குச் சாமியார் மேசையில் வைத்தேன். ஞாயிறு காலை அவர் வாசித்தார். கோயிலே எழுந்து நின்று கைதட்டியது. மூன்றாவது வரிசையில் அந்தப் பெண் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை வாசலில் அவள் படத்தோடு பேனர். துறவறம் போகிறவர்களுக்காகச் செபிக்கும் அடுத்த மாத இறையழைத்தல் ஞாயிறன்று மடத்துத் தலைவியே வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு. அம்மா வெள்ளைத் துணி வாங்கித் தைக்கத் தொடங்கிவிட்டார். மருந்துக்கடை முதலாளி அவள் இடத்துக்கு வேறு ஆள் பார்த்துவிட்டார். கேட்க வேண்டிய ஒருத்தியை மட்டும் யாரும் கேட்கவில்லை.

அவள் சலவைப் பிரிவுக்கு வந்து அழுதிருக்கிறாள். "போகணும்னுதான் அக்கா தோணிக்கிட்டே இருந்துச்சு. இப்ப அது என் மனசு சொல்லுதா, இவங்க கைதட்டுனது சொல்லுதான்னு தெரியல."

அக்கா வீட்டுக்கு வந்து என்னைப் பார்த்து, "உனக்குத் தெரியும்ல?" என்று மட்டும் கேட்டாள். நாலு அறை வாங்கியிருந்தாலும் அப்படி வலித்திருக்காது.

இருவரும் சாமியாரைப் பார்க்கப் போனோம். கோயில் காரியங்களைக் கவனிக்கும் பங்குப் பேரவையின் செயலாளரும் அங்கே இருந்தார். இவருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. அக்கா நடந்ததைச் சொல்லி, அறிவிப்பைத் திரும்பப் பெறச் சொன்னாள்.

"தப்பு நடந்தா என்னம்மா, தூய ஆவியார் அது வழியாவும் வேலை செய்வார்" என்றார் சாமியார்.

"செய்வார் ஃபாதர். அதுக்காகத் தப்பை நாம பண்ணிட்டு அவர் பேர்ல எழுதக் கூடாது."

செயலாளர் இடையில் புகுந்தார். "போய்ப் பாக்கட்டுமே. பிடிக்கலைன்னா வந்துடப் போறா. நீ வரலையா?"

எனக்கு ரத்தம் கொதித்தது. வாயைத் திறக்கப் போனவனை அக்கா கையால் தடுத்தாள்.

"வந்தேன் சார். வந்த நாள்லேர்ந்து நீங்க எல்லாரும் என்ன பேசுறீங்கன்னும் தெரியும். அந்தப் பொண்ணு வேணும்னா போகட்டும், வேணும்னா வரட்டும். ஆனா போறவ அவளா இருக்கணும். நீங்க தள்ளிவிட்டதா இருக்கக் கூடாது."

"தானும் இருக்கல, போறவளையும் விடல" என்று செயலாளர் என் காதுபடவே முணுமுணுத்தார். அறிவிப்பு திரும்பப் பெறப்படவில்லை.

இறையழைத்தல் ஞாயிறு வரைக்கும் அந்த நாலு வாரமும் அந்தப் பெண் அக்காவிடம், "போகவா, வேணாமா? நீங்களே சொல்லிடுங்க அக்கா" என்று கெஞ்சினாள். அக்கா சொல்லவில்லை. எனக்கு அக்கா மேலேயே கோபம் வந்தது. ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவாள் என்று கத்தினேன். "நான் சொன்னா, பேனர் கட்டுனவங்களுக்கும் எனக்கும் என்னடா வித்தியாசம்?" என்றாள்.

இறையழைத்தல் ஞாயிறு. மடத்துத் தலைவி முன்வரிசையில். சாமியார் அந்தப் பெண்ணை ஆசீர்வாதத்துக்குக் கூப்பிட்டார். அம்மா தைத்த வெள்ளை உடையில் நடந்து போனவள் அவர் முன்னால் முழங்காலிடாமல் ஒலிபெருக்கிக்குப் போனாள்.

"அந்தக் கடிதம் முடிவு இல்ல. நான் இன்னும் யோசிச்சுக்கிட்டு இருக்கேன். முடிவு பண்ணா நானே சொல்றேன். மன்னிச்சிடுங்க."

அவள் எதற்கு மன்னிப்புக் கேட்டாள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கேட்க வேண்டியவர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், நான் உட்பட. மடத்துத் தலைவி மட்டும் எழுந்து போய் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

மறுவாரமே மறைக்கல்வி அறையின் சாவியை அக்காவிடமிருந்து வாங்கிவிட்டார்கள். குழுவைச் செயலாளர் ஏற்றார். வருகிறவர்கள் நிரப்ப ஒரு படிவம் அடித்து வைத்தார். ஒருவரும் வரவில்லை. சனிக்கிழமைகளில் அந்தப் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம், அழுக்குத்துணி வண்டிகள் நிற்கும் இடத்தில் கூடினார்கள். மருந்துக்கடைப் பெண்ணும் வந்தாள். அவளோடு ஆறு மாதம் பேச்சை நிறுத்தியிருந்தார் அவள் அம்மா. அவள் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினாள். இரண்டு தாள், இரண்டு வாரம். இந்த முறை இரண்டும் முழுதாக முடிந்தன.

போவதென்று முடிவு செய்தாள். ஆமாம், போவதென்றுதான். அம்மாவிடம் அவளே சொன்னாள். செயலாளர் அலுவலகத்துக்கு வந்து பல்லைக் காட்டினார். "பாத்தியா, நாம அன்னிக்கே சொன்னோம்! பழைய அறிவிப்பையே தேதி மாத்தி அடி."

"சார், அன்னிக்கு நாம சொன்னது பொய்" என்றேன். "வேணும்னா நீங்களே அடிச்சுக்குங்க." நாற்காலியை விட்டு எழுந்து வெளியே வந்துவிட்டேன். அறிவிப்பு எதுவும் வரவில்லை.

பேருந்து நிலையத்துக்கு நாலு பேர்தான் போனோம். அந்தப் பெண், அவள் அம்மா, அக்கா, நான். வண்டி கிளம்பும் நேரம், அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பிடிக்கலைன்னா வந்துடு கண்ணு. ஊர் என்ன சொன்னா எனக்கென்ன? நம்ம வீட்டுக் கதவு தொறந்துதான் இருக்கும்."

அக்கா சட்டென்று திரும்பி, தண்ணீர் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுக் கடைப் பக்கம் நடந்தாள். அவள் கையில் ஏற்கெனவே தண்ணீர் பாட்டில் இருந்தது.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் பெட்டியோடு எங்கள் வாசலில் வந்து நின்றபோது, அப்பா செய்தித்தாளை இறக்கவில்லை. அம்மா, பக்கத்து வீட்டில் யாராவது பார்த்தார்களா என்று கேட்டார். எனக்குப் பத்தொன்பது வயது. கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். அவள் கையிலிருந்த பெட்டியை நான் வாங்கவில்லை.