சோபாக் கிண்ணமும் மாசி மணமும்

இதில் எழுதியிருப்பவை:
1. கடைக்குப் போன வழியும் நேரமும்
2. சோபா சாப்பிடும் முறை
3. என் மனைவிக்குத் தெரியாமல் அவளுடைய விரத நேர்த்தி முறிந்த விதம்

மொன்றியலில் குடும்பத்தோடு சோபா என்ற ஜப்பானிய நூடில்ஸ் சாப்பிடப் போகிறவர்களுக்கு இது உதவலாம். நாங்கள் போனது 1987 டிசம்பர் 31. என் நினைவில் பிழை இருக்கக்கூடும்; நேரங்களை மட்டும் பழைய நாட்குறிப்பில் சரிபார்த்தேன்.

மகள் வசந்தி அந்த ஜப்பானியக் கடையில் கோப்பை கழுவினாள். ஆண்டின் கடைசி நாளில் வேலைக்காரரின் குடும்பத்துக்கு விருந்து வைப்பது முதலாளியின் வழக்கம். மகன் ரவி அப்போது யாழ்ப்பாணத்தில் இருந்தான். ஐப்பசியில் அங்கே இந்திய இராணுவத்தோடு நடந்த சண்டைக்குப் பிறகு அவனிடமிருந்து கடிதமே இல்லை. கடிதம் வரும்வரை மச்சம், அதாவது மீன் இறைச்சி, தொடுவதில்லை என்று மனைவி பரமேஸ்வரி கடவுளுக்கு நேர்த்தி வைத்திருந்தாள். ஆகவே முதல்நாளே வசந்தியிடம் விசாரித்தேன்.

"நூடில்ஸுக்குள்ளை மச்சம் ஏதும் கிடக்கோ, பிள்ளை?"

"கேட்டனான் அப்பா. வெறும் மாவும் தண்ணியும்தானாம்."

பார்க் எக்ஸ்டென்ஷனில் மாலை 4.10க்கு எண்பதாம் இலக்க பஸ். முப்பத்தைந்து நிமிட ஓட்டம், பிறகு ஆறு நிமிட நடை. விருந்து என்பதால் பஸ் காசு மட்டுமே செலவு.

சோபா என்பது பழுப்பு மாவில் செய்த மெல்லிய நூடில்ஸ். சுடுசாற்றில் வரும். சத்தமாக உறிஞ்சலாம், அங்கே அது மரியாதைக் குறைவில்லை. முதலாளி பிரெஞ்சில் ஏதோ சொன்னார்.

"ஆறமுதல் சாப்பிடுங்கோ அம்மா. இண்டைக்கு மிச்சம் விட்டா வாற வருசம் கூடாதாம்" என்றாள் வசந்தி.

குனிந்தேன். மாசி மணம். சம்பலில் இடித்துப் போடும் அதே காய்ந்த மீன். நான் நூடில்ஸைப் பற்றித்தான் கேட்டிருந்தேன். சாற்றைப் பற்றிக் கேட்கவில்லை.

முதலாளி எதிரே நின்றார். வசந்தி சமையலறைக் கதவடியில் நின்றாள். பரமேஸ்வரி கிண்ணத்தைத் தூக்கினாள்.

"இஞ்சரும்" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள்.

"சூடு. கவனம்" என்றேன்.

ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள்.

மறுநாளிலிருந்து மத்தியானச் சாப்பாட்டை விட்டாள். குளிருக்குப் பசிக்கவில்லை என்றாள். எனக்கோ ஒவ்வொரு நாளும் தபால்காரரின் காலடி கேட்கும்போது, நேர்த்தி முறிந்ததால் கெட்ட செய்தி வருமோ என்று பயம். பெப்ரவரி நடுவில் ரவியின் கடிதம் வந்தது. அன்று மத்தியானம் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் போவதானால், சாறு எதில் காய்ச்சியது என்று கேளுங்கள். முன்கூட்டியே கேளுங்கள். மேசையில் உட்கார்ந்த பிறகு என்னைப் போன்றவர்களுக்கு வாய் வராது.

இவ்வளவும் எழுதி, இன்று காலை பரமேஸ்வரிக்கு வாசித்துக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"கலியாணம் கட்டின நாள் தொட்டுச் சம்பல் இடிச்சவளுக்கு மாசி மணம் தெரியாதோ?"

"பேந்து ஏன் குடிச்சனீர்?"

"பிள்ளை கதவடியிலை நிண்டு பாத்துக்கொண்டெல்லோ நிண்டவள். நேர்த்தியை அண்டைக்கே திருப்பி வைச்சனான், மத்தியானச் சோத்தையும் விடுறதெண்டு சேர்த்து. நீங்கள் சூடு எண்டு சொல்லேக்கை முகத்தைப் பாக்க எனக்குச் சிரிப்புத்தான் வந்தது."

ஆகவே மேலே மூன்றாவதாக எழுதியது பிழை. தெரியாமல் இருந்தது நான்தான்.