கூட்டுங்க என்று நான் சொன்ன நாலு செக்கன்

யாருமே நம்பப்போகாத கதை ஒன்றைச் சொல்லப்போகிறேன் என்று என் மூக்குக்கண்ணாடியின் மேல் சத்தியம் செய்து தொடங்குகிறேன். சென்ற செவ்வாய்க்கிழமை முகத்தில் சவர்க்காரத்தோடு நின்றபோது கெலிஓயாவிலிருந்து அழைப்பு வந்தது. "கிளாக்கர் அண்ணை, இவர் போயிட்டார்" என்றார் ஞானசேகரத்தின் மனைவி. நெஞ்சுவலியாம். பாதிச் சவரத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கெலிஓயாவில் கணினி திருத்தும் கடை வைத்திருந்த ஞானசேகரத்தை உங்களுக்குத் தெரியும். கண்டிப் பெரஹரா யானைகள் அவரிடம் நேரம் கேட்டுத்தான் முதலடி வைக்கும். மடுல்கெல்லப் பக்கம் சூரியன் இரண்டு தடவை பிந்தி உதித்து அவரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறது.

நான் கிளாக்கராக இருந்த தோட்டத்துத் தொழிற்சாலையில், காலைச் சங்கை ஊதுவிக்க உள்ளங்கையளவு கணினி ஒன்றைப் பெட்டிக்குள் வைத்துத் தந்தவர் அவர். சங்கு ஊதியதும், எல்லாரும் வந்து பேர் பதியும் முற்றத்தின் வாசற்கதவு மூடப்படும். "எந்த மணிக்கூடும் பிழைதான் விடும், கிளாக்கர். ஒவ்வொரு நாளும் ஒரே அளவு பிழை விட்டால் திருத்தலாம். உங்கட புளுகுக்குத்தான் அளவில்லை" என்பார். இணையம் அறுந்தாலும் பெட்டி நேராக ஓடவேண்டும் என்பதற்காக, அதன் ஓட்டத்தை ஒரு வாரம் இணைய நேரத்தோடு ஒப்பிட்டு எழுதும் வேலையை என்னிடம் தந்தார். நாளுக்கு நாலு செக்கன் முந்தி ஓடியது. அதைத் தாளில் எழுதியும் வைத்தேன்.

வார முடிவில் தொலைபேசியில் கேட்டார்: "நாலு செக்கன் சரி. கூட்டுறதோ, குறைக்கிறதோ?"

எழுந்து தாளை எடுத்துப் பார்க்கப் பஞ்சி, சோம்பல். பகிடி விடும் ஆசை வேறு. "கூட்டுங்க ஐயா, நல்லாக் கூட்டுங்க! முடிஞ்சா கடை வாசலையும் சேத்துக் கூட்டுங்க!"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே கூட்டிவிட்டார். குறைத்திருக்க வேண்டும்.

இணையம் இருந்தவரை அதுவே நேரத்தைத் திருத்திக்கொண்டிருந்ததால் பிழை தெரியவில்லை. மண்சரிவில் கம்பி அறுந்தது. நாளுக்கு எட்டுச் செக்கனாகப் பெட்டி முந்தியது. ஒரு மாதத்தில் நாலு நிமிடம். கொழுந்து பறிக்கும் பாக்கியம், கையில் தொலைபேசியோடு, மூடிய கதவின் முன் நின்றார்.

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்குதுங்க, பாருங்க!"

"ஒன் போனு சொல்றதயா கேக்கறது? சங்கு ஊதிருச்சு, வூட்டுக்குப் போ" என்றார் கங்காணி.

மூன்றாம் நாளும் அப்படியே ஆனதும் பாக்கியத்தின் பேரை வேலைப் பதிவிலிருந்து வெட்டிவிட்டார்கள்.

ஞானசேகரத்தைக் கூப்பிட்டார்கள். அவர் பெட்டியைத் திறந்து, தான் கூட்டிவைத்த எண்ணைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த நிமிடம் அந்த அறை திருகோணமலைக் கடலளவு ஆழமாகிவிட்டது. "பிழை என்ர. அந்தப் பிள்ளையில பிழை இல்லை" என்றார் துரையிடம். பாக்கியத்தின் பேர் திரும்ப ஏறியது. பெட்டியை மட்டும் அன்றே கழற்றிக் கொடுத்துவிட்டார்கள். "இனி இந்தப் பக்கம் வராதீங்க" என்றும் சொன்னார்கள். அதன்பின் அடுத்த இரண்டு தோட்டங்களும் அவரை அழைக்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவரே பேசினார். "நீங்கள் பகிடிக்காரன் எண்டு தெரிஞ்சும் திருப்பிக் கேக்காதது நான்தானே."

"அதுக்கில்லீங்க..." என்று இழுத்தேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது. அதன்பிறகு எத்தனையோ முறை அவர் கடையில் தேத்தண்ணீர் குடித்திருக்கிறேன். அந்தப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது, எதையும் எழுதுமுன் "கூட்டுறதோ, குறைக்கிறதோ?" என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளும் பழக்கம். இந்தக் கதையிலும் குறைக்க நிறைய உண்டு. யானையைக் குறையுங்கள், சூரியனைக் குறையுங்கள், கடலையும் குறையுங்கள். துரை முன்னால் அவர் என்னைப் பார்த்தபோது நான் வாய் திறக்கவில்லை. அந்தச் சின்னப் பகுதி மட்டும் உண்மை.